திமிங்கிலம் பார்த்தால் எங்கே பதிவது? மலையகத்திலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏப்ரல் விடுமுறை என்றால் மாத்தறைப் பக்கம், ஓகஸ்ட் என்றால் திருகோணமலை. மலையகத்து வேன்களும் பஸ்களும் கடலுக்கு இறங்கும் காலம் இவை. முன்பெல்லாம் கரையில் காலை நனைத்துவிட்டுத் திரும்பியவர்கள் இப்போது திமிங்கிலம் பார்க்கப் படகிலும் ஏறுகிறார்கள். படம் எடுக்கிறார்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். 24 மணித்தியாலத்தில் ஸ்டேட்டஸ் போய்விடும். அதே படத்தை உரிய செயலியில் ஏற்றினால் கடல் ஆய்வாளர்களுக்கு அது பல வருடங்களுக்குப் பயன்படும். எங்கள் பக்கத்து இளைஞர்களும் ஆசிரியர்களும் இதைப்பற்றி என்னிடம் கேட்டவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எந்தச் செயலியை இறக்குவது?

ஒன்று மட்டும் போதும் என்றால் ஐநேச்சுரலிஸ்ட். இலவசம், விளம்பரம் இல்லை. 2008இல் கலிபோர்னியாவில் மாணவர்களின் பட்டப்படிப்பு வேலையாகத் தொடங்கியது, இன்று உலகம் முழுவதும் பாவிக்கிறார்கள். திமிங்கிலத்துக்கு மட்டுமல்ல, தும்பிக்கும் தவளைக்கும் மரத்துக்கும் அதே செயலிதான். அதனால் வீடு திரும்பிய பிறகும் போனில் சும்மா கிடக்காது.

திமிங்கிலத்தின் வாலோ முதுகோ தெளிவாக விழுந்த படம் உங்களிடம் இருந்தால் ஹேப்பிவேல் என்ற இணையத்தளத்திலும் ஏற்றலாம். 2015இல் தொடங்கியது. வாலின் அடிப்பக்கக் கோலத்தை வைத்துத் தனித்தனித் திமிங்கிலங்களை அடையாளம் காண்பதுதான் அதன் வேலை. நீங்கள் பதிந்த திமிங்கிலத்தை நாளை வேறு யாராவது வேறு கடலில் கண்டால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும். கூனல்முதுகுத் திமிங்கிலங்களுக்கே அது மிக நன்றாக வேலை செய்கிறது. நம் கடலில் அவை அபூர்வம். ஆகவே முதலில் ஐநேச்சுரலிஸ்டில் பதியுங்கள், நல்ல படம் என்றால் அங்கேயும் கொடுங்கள்.

வேல் அலர்ட் என்றொரு செயலியும் இருக்கிறது. அது முக்கியமாக வட அமெரிக்கக் கரைகளில் கப்பல்களை எச்சரிக்கச் செய்யப்பட்டது. நமக்கு இப்போதைக்குத் தேவையில்லை.

மலையில் இருக்கிற நமக்குக் கடலில் என்ன வேலை?

ஹட்டன் ஓயா, கொத்மலை ஓயா என்று நம் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் தண்ணீர் மகாவலியில் சேர்கிறது. 335 கிலோமீற்றர் ஓடி அது போய்ச் சேரும் இடம் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக்குடா. அந்தக் கரையை ஒட்டியே கடலுக்கடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு தொடங்கி, 3,000 மீற்றருக்கும் அதிக ஆழத்துக்கு இறங்குகிறது. கரைக்கு இவ்வளவு கிட்ட இவ்வளவு ஆழம் இருப்பதால்தான் பெரிய திமிங்கிலங்கள் அங்கே கரையோரம் வருகின்றன. இந்தப் பக்கம், ஹோர்ட்டன் சமவெளிச் சரிவுகளில் பிறக்கும் வளவை கங்கை அம்பலாந்தோட்டையில் தென்கடலில் விழுகிறது. சிவனொளிபாத மலைப் பக்கம் ஊறும் களனி, கொழும்புக்கு வடக்கே கடலைத் தொடுகிறது.

மரக்கறித் தோட்டத்தில் அடிக்கிற மருந்து, ஓயாவில் வீசுகிற சொப்பிங் பை, மழைக்குக் கரைந்து போகிற மண் எல்லாம் அந்த வழியில்தான் இறங்குகின்றன. நடுவில் உள்ள நீர்த்தேக்கங்கள் ஒரு பகுதியைத் தடுக்கும், மிச்சம் கடலுக்குத்தான் போகும். நாம் அனுப்புவது அங்கே போகிறது என்றால், அங்கே என்ன வாழ்கிறது என்று பார்த்து எழுதி வைக்கிற பொறுப்பும் நமக்கு உண்டு. கடல் கரையூராரின் சங்கதி என்று ஒதுங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

எந்த மாதத்தில் எந்தக் கரைக்குப் போவது?

தெற்கில் மிரிஸ்ஸவும் வடமேற்கில் கற்பிட்டியும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. கிழக்கில் திருகோணமலைக் கடல் மே முதல் ஒக்டோபர் வரை அடங்கியிருக்கும். நிலாவெளி, உப்புவெளியிலிருந்து படகுகள் போகும். சிவனொளிபாத மலை சீசன் நடக்கிற மாதங்களில் தெற்கு, அது முடிந்தால் கிழக்கு என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சாதாரண போன் கெமரா போதுமா?

போதும். அழகான படத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. இது என்ன உயிர் என்று சொல்லும் அளவுக்குத் தெரிந்தால் சரி. படகு ஆடும், திமிங்கிலம் சொல்லிவிட்டு வராது. அதனால் வீடியோவை ஓட விட்டு, பிறகு நல்ல நொடியை நிறுத்தி ஸ்க்ரீன்ஷொட் எடுப்பது நல்ல வழி. ஆனால் ஸ்க்ரீன்ஷொட்டில் அதை எடுத்த நேரம்தான் இருக்கும், திமிங்கிலத்தைப் பார்த்த நேரம் இருக்காது. வீடியோவின் விபரத்தைப் பார்த்து நேரத்தையும் இடத்தையும் கையால் திருத்த வேண்டும்.

நீலத் திமிங்கிலம் என்றால் முதுகின் பக்கவாட்டும் சிறிய முதுகுத் துடுப்பும் விழுகிற மாதிரி எடுங்கள். அதன் சாம்பல் நீலத் தோலில் உள்ள வெளிர் திட்டுகள் ஒன்றுக்கொன்று மாறும், ஆளை அடையாளம் காண்பது அவற்றை வைத்துத்தான். முங்கும்போது வாலைத் தூக்கினால் அதையும் விடாதீர்கள்.

போனுக்கு ஒரு கழுத்துக் கயிறும் பொலித்தீன் உறையும் வேண்டும். படகுக்குப் புதியவர்கள் புறப்படும் முன்பே வாந்தி மாத்திரை எடுங்கள். மலைப்பாதை வளைவுகளுக்குப் பழகிய வயிறும் கடலில் தாங்காது.

நடுக்கடலில் சிக்னல் இருக்காதே?

சிக்னல் வேண்டியதில்லை. இடத்தைக் கண்டுபிடிக்கிற ஜிபிஎஸ் செய்மதியிலிருந்து வருவது, டேட்டா தீர்ந்திருந்தாலும் வேலை செய்யும். போனில் லொக்கேஷனை ஒன் செய்து, கெமரா அமைப்பில் படத்தோடு இடத்தையும் சேமிக்கச் சொல்லிவிட்டால் போதும். இதைக் கரையிலேயே ஒரு படம் எடுத்துச் சரிபாருங்கள். பதிவு போனிலேயே தங்கியிருக்கும், வீட்டுக்கு வந்து ஏற்றலாம். ரீலோட் காசு மிச்சமாக வேண்டுமென்றால் தானாக ஏற்றும் வசதியை நிறுத்திவிட்டு, வைஃபை கிடைக்கிற இடத்தில் ஏற்றுங்கள்.

இடம், நேரம் என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள்? படம் இருந்தால் போதாதா?

போதாது. இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனைக்குக் கீழே உலகத்தின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. நீலத் திமிங்கிலங்கள் இரை தேடுகிற இடமும் அதே இடம்தான். 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கொள்கலன் கப்பலின் முகப்பில் நீலத் திமிங்கிலத்தின் உடல் மாட்டிக் கிடந்தது. கப்பலில் இருந்தவர்களுக்கு மோதியதே தெரியாமல் போகும் அளவுக்கு அந்தக் கப்பல்கள் பெரியவை.

பாதையைத் தெற்கே தள்ளினால் மோதுவது வெகுவாகக் குறையும் என்று ஆய்வாளர்கள் பல வருடங்களாகச் சொல்லி வந்தார்கள். எந்த இடத்தில் எத்தனை திமிங்கிலம், எந்த மாதத்தில் என்று வரைபடத்தில் காட்ட முடிந்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. 2022இல் எம்எஸ்சி என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாக முன்வந்து தெற்கே தள்ளிப் போகச் செய்தது. ஒரு கப்பல் வழியை மாற்றச் சொல்லிக் கேட்க அழகான படம் உதவாது, இடமும் திகதியும் உள்ள பதிவுதான் உதவும்.

இன்னொரு காரணமும் உண்டு. மற்றக் கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் பெரும்பாலும் துருவப்பக்கம் போய் இரை எடுத்து, வெப்பக்கடலுக்கு வந்து குட்டி போடும். நம் பக்கத்தவை வட இந்து சமுத்திரத்தை விட்டுப் போவதில்லை. இலங்கையின் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் 2000களின் தொடக்கத்திலிருந்தே இவற்றைப் பின்தொடர்ந்து வருகிறார். மற்ற இடங்களில் கிரில் என்ற சிற்றுயிரைத் தின்கிற நீலத் திமிங்கிலங்கள், இங்கே பெரும்பாலும் ஒருவகைச் சின்ன இறாலைத் தின்கின்றன என்று காட்டியவர்களில் அவரும் ஒருவர். வருடம் முழுக்க இந்தக் கடலிலேயே இருக்கிற உயிர் என்பதால், இங்கே கெட்டுப்போனால் அதற்கு வேறு இடமில்லை. 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் இந்தக் கடலில் ஆயிரத்துக்கும் அதிகமான நீலத் திமிங்கிலங்களைக் களவாகக் கொன்றன. இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 1979இல்தான். அந்த இழப்பிலிருந்து மீண்டுவருகிற கூட்டத்தைத்தான் நாம் படகிலிருந்து பார்க்கிறோம்.

கோணேஸ்வரர் கோயிலில் நின்று தூரத்தில் ஒன்று ஊதியதைப் பார்த்தோம். பதியலாமா?

தாராளமாக. சுவாமி மலையின் உச்சியில் நின்று, படகே ஏறாமல் திமிங்கிலத்தைப் பார்க்க முடிகிற அபூர்வமான இடம் அது. கோயிலுக்குப் போகிற நம்மவர்கள் ஆயிரக்கணக்கில். காலை வெயில் ஏறுவதற்கு முன், காற்றும் குறைவாக இருக்கும் நேரத்தில், அர்ச்சனை முடித்து வந்து கிழக்கே கொஞ்ச நேரம் பாருங்கள். அலையின் வெள்ளை நுரை உடனே கரையும், திமிங்கிலத்தின் ஊதல் செங்குத்தாக எழும்பி ஒரு நொடி நின்று காற்றுப் பக்கம் சாயும். ஒன்றைக் கண்டால் அதே திசையில் கண்ணை வைத்திருங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி எழும்.

பதிவதில் ஒரு சிக்கல் உண்டு. போன் பதிவது நீங்கள் நிற்கும் இடத்தை. திமிங்கிலமோ சில கிலோமீற்றர் தள்ளி. அப்படியே விட்டால் அது கோயில் வாசலில் நிற்பதாக வரைபடம் காட்டும். ஆகவே குறியை விரலால் நகர்த்திக் கடலில் வையுங்கள். அதோடு துல்லியம் என்ற வட்டத்தைப் பெரிதாக்கி, 2,000 மீற்றர் அல்லது 3,000 மீற்றர் என்று கொடுங்கள். "இந்த வட்டத்துக்குள் எங்கேயோ" என்று நேர்மையாகச் சொல்வது, பொய்யான துல்லியத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

படகிலிருந்து 100, 150 மீற்றரில் பார்த்ததற்கு இந்தத் திருத்தம் அவசியமில்லை.

வாட்ஸ்அப் குரூப்பில் வந்த படத்தை நான் ஏற்றலாமா?

வேண்டாம். இரண்டு காரணம். அது நீங்கள் பார்த்ததல்ல. மற்றது, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அதற்குள் ஒளிந்திருக்கும் இடமும் எடுத்த நேரமும் அழிந்துவிடும், படமும் சுருங்கிவிடும். எடுத்தவரே தன் போனிலிருந்து நேரடியாக ஏற்றட்டும். அவரால் முடியாவிட்டால், மூலப்படத்தை டொக்கியுமென்ட் ஆக அனுப்பச் சொல்லி, அவர் முன்னிலையில் அவருக்கே ஒரு கணக்குத் திறந்து கொடுங்கள்.

இடம் இல்லாத படத்தை வீட்டில் வைத்து ஏற்றும்போது "இப்போதைய இடம்" என்பதைத் தொட்டுவிட வேண்டாம். திமிங்கிலம் கொட்டகலையில் நிற்கும். இப்படியான பதிவுகளைத் திருத்தவே யாரோ ஒருவர் தன் நேரத்தைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

என்ன வகை என்று எனக்குத் தெரியாதே?

தெரிய வேண்டியதில்லை. "திமிங்கிலம் அல்லது டொல்பின்" என்ற பொதுப் பிரிவைத் தெரிவு செய்தாலே பதிவு ஏற்கப்படும். செயலி தானே சில பெயர்களைச் சொல்லும். அது சொல்வது ஊகம், கண்ணை மூடிக்கொண்டு ஒத்துக்கொள்ள வேண்டாம்.

சில குறிகள் சொல்கிறேன். நேராகத் தூண் மாதிரி, ஒன்பது பத்து மீற்றர் வரை உயரமாக ஊதினால் நீலத் திமிங்கிலமாக இருக்க நல்ல வாய்ப்பு. தாழ்வாக, பற்றையாக, முன்பக்கம் இடதுபுறம் சாய்ந்து ஊதினால் எண்ணெய்த் திமிங்கிலம். படகுக்காரர்கள் ஸ்பேர்ம் வேல் என்பார்கள். அதன் ஊதுதுளை தலையின் இடது ஓரத்தில் இருப்பதால்தான் அந்தச் சாய்வு. மிதக்கும் மரக்குற்றி போல அசையாமல் கிடக்கும், பிறகு வாலை உயர்த்தி முங்கினால் முக்கால் மணித்தியாலம்கூட மேலே வராது. கூட்டமாகத் துள்ளி, காற்றில் உடம்பையே சுழற்றுபவை ஸ்பின்னர் டொல்பின்கள்.

பதிந்த பிறகு என்ன நடக்கும்?

மற்றப் பாவனையாளர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனம் என்று ஒத்துப்போய், படமும் திகதியும் இடமும் சரியாக இருந்தால் அது ஆய்வுத் தரப் பதிவாகும். பிறகு உரிம அனுமதியைப் பொறுத்து, உலகளாவிய உயிர்ப்பல்வகைமைத் தரவுத்தளமான ஜிபிஐஎஃபுக்குப் போகும். உலகின் எந்த மூலையில் இருக்கும் ஆய்வாளரும் அங்கிருந்து எடுப்பார். சில நாளாகலாம், சில மாதமும் ஆகலாம். யாராவது நீங்கள் கொடுத்த இனப்பெயரைத் திருத்தினால் கோபிக்க வேண்டாம், அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். பதில் சொல்வார்கள். நான் திமிங்கிலம் பற்றிப் படித்ததில் பாதி அந்தப் பதில்களில்தான்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது.

தொட வேண்டிய பொத்தான்கள் கொஞ்சம்தான். குறிப்பு எழுதுகிற இடத்தில் தமிழிலேயே எழுதலாம். உதாரணமாக இப்படி: "காலை 7.40. ஊதல் நேராக, உயரமாக. நான்கு தடவை ஊதிய பின் வாலைத் தூக்கி முங்கியது. பக்கத்தில் சிறியது ஒன்று, குட்டியாக இருக்கலாம். சுற்றி 5 படகுகள். கடல் அமைதி." இந்த ஐந்தாறு வரியில் ஒரு ஆய்வாளருக்குத் தேவையான எல்லாம் இருக்கிறது. குட்டி இருந்ததா, எத்தனை படகு சூழ்ந்தது என்ற இரண்டையும் மறக்காமல் எழுதுங்கள். படத்தில் அவை பெரும்பாலும் விழாது.

பாடசாலைப் பிள்ளைகள் கணக்குத் திறக்கலாமா?

13 வயதுக்குக் குறைந்தவர்கள் தனியாகத் திறக்க முடியாது. அவர்களுக்கு சீக் என்ற செயலி உண்டு, கணக்கே தேவையில்லை, ஆனால் அதில் காண்பது தானாகப் பகிரப்படாது. வகுப்போடு போகிற ரீச்சரோ சேரோ தன் கணக்கில் பதியலாம். ஒரு பிள்ளைக்கு நேரம் பார்க்கிற வேலை, இன்னொன்றுக்கு ஊதலை எண்ணுகிற வேலை, மற்றொன்றுக்குப் படகுகளை எண்ணுகிற வேலை என்று பிரித்துக் கொடுங்கள். பிள்ளைகளின் முகம் விழுந்த படத்தை ஏற்ற வேண்டாம். லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் போதுமான அளவு இல்லாத படகில் ஏறவே வேண்டாம்.

படகுக்காரர் திமிங்கிலத்துக்கு மிகக் கிட்ட ஓட்டுகிறார். என்ன செய்வது?

2012இல் வந்த வனஜீவராசிகள் ஒழுங்குவிதிப்படி திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குள் படகு போகக்கூடாது. துரத்துவதும் வழியை மறிப்பதும் குற்றம். ஆனால் படகுக்காரர் கிட்ட ஓட்டுவது பெரும்பாலும் நம்மைச் சந்தோஷப்படுத்தத்தான். "ஐயே, லங்கட்ட யன்ன எபா, மெஹெம ஹொந்தய்" (அண்ணே, கிட்டப் போக வேண்டாம், இப்படியே நல்லது) என்று சிங்களத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னால் போதும், பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பார்கள். சிங்களம் பேசத் தெரிந்த நம்மவர்களுக்கு இது ஒரு வசதி. கடலில் வாக்குவாதம் வேண்டாம். ஏறும் முன்பே, காசு பேசும்போதே, தூரத்தில் நிறுத்திப் பார்த்தால் எங்களுக்குப் போதும் என்று சொல்லிவிடுங்கள். இயந்திரத்தைக் குறைத்து நின்றால் திமிங்கிலம் தானாகப் பக்கத்தில் வருவதும் உண்டு.

நான்கு மணித்தியாலம் சுற்றியும் ஒன்றும் தெரியவில்லை. அது வீணா?

ஐநேச்சுரலிஸ்டில் "ஒன்றும் இல்லை" என்று பதிய முடியாது. அது அந்தச் செயலியின் பெரிய குறை. வரைபடத்தில் மிரிஸ்ஸயில் புள்ளிகள் நிறைய இருப்பதற்கு ஒரு காரணம் அங்கே படகுகள் நிறைய என்பதே. புள்ளி இல்லாத கடலில் திமிங்கிலம் இல்லை என்று யாரும் முடிவு கட்டக்கூடாது. ஒரு கொப்பியில் புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், போன பக்கம், கடல் நிலை எழுதி வையுங்கள். ஒரு பாடசாலை வருடா வருடம் ஒரே கரைக்குப் போய் இப்படி எழுதி வந்தால், அந்தக் கொப்பிக்கு மதிப்பு உண்டு.

கரையொதுங்கிய திமிங்கிலத்தைக் கண்டால்?

முதலில் செயலி அல்ல, தொலைபேசி. வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். உயிரோடு இருந்தால் ஈரத்துணி போட்டு உடம்பை நனைத்துக்கொண்டே இருங்கள், தலைக்கு மேலுள்ள மூச்சுத்துளையில் தண்ணீரோ மணலோ போகக்கூடாது. வாலைப் பிடித்து இழுக்க வேண்டாம். கூட்டத்தை விலக்குங்கள். 2020 நவம்பரில் பாணந்துறையில் நூறுக்கு மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது கடற்படையும் கரையோரக் காவல் படையும் ஊர் மக்களும் விடிய விடியத் தள்ளிப் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றினார்கள். இறந்ததையும் பதியலாம், இறந்தது என்று குறிக்க இடம் உண்டு. உடம்பில் வெட்டுக்காயமோ வலைத்தடமோ தெரிந்தால் அதைத் தனியாகக் கிட்ட எடுங்கள். தொட வேண்டாம், நோய் தொற்றலாம்.

கடலுக்குப் போவது வருடத்தில் ஒரு தடவைதான். மிச்ச நாளில்?

தோட்டத்தைப் பதியுங்கள். கானோரத் தவளை, தேயிலைக்கு நிழல் தரும் மரத்தில் வந்திருக்கும் குருவி, லயத்துச் சுவரில் ஒட்டும் விட்டில் என்று நம்மைச் சுற்றி இருப்பது கொஞ்சமல்ல. இங்கே பழகிய கை கடலில் தடுமாறாது.

சிறுத்தை விஷயத்தில் மட்டும் கவனம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டத்தில் வைத்த கம்பிச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டி, சில நாளில் செத்தது. பன்றிக்கென்று வைக்கிற சுருக்கு ஆள் பார்த்துப் பிடிக்காது. சிறுத்தை, அதன் தடம், குகை எதைப் பதிந்தாலும் இடத்தை மறைத்துப் பதியுங்கள். மறை என்று கொடுத்தால் சுமார் 20 கிலோமீற்றர் கட்டத்துக்குள் எங்கேயோ என்றுதான் மற்றவர்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டு வாசலில் எடுக்கும் படங்களுக்கும் இதையே செய்வது நல்லது.

மூன்று வருடத்துக்கு முந்திய படங்கள் போனில் இருக்கின்றன. காலம் கடந்துவிட்டதா?

இல்லை. எவ்வளவு பழையதானாலும் ஏற்றலாம், பழைய பதிவு இல்லாமல் புதியதை ஒப்பிடவே முடியாது. படத்தின் விபரத்தில் திகதி இருக்கிறதா என்று பாருங்கள். போன் மாற்றியபோது திகதியும் மாறியிருக்கக்கூடும், அதனால் சுற்றுலாவுக்கு வேன் பிடித்த சீட்டு, அன்று எடுத்த மற்றப் படங்கள், கூட வந்தவர்களின் ஞாபகம் இவற்றோடு ஒத்துப் பாருங்கள். நாள் நிச்சயமாகத் தெரிந்தால் அந்தத் திகதியைக் கையால் போட்டு ஏற்றுங்கள். மாதம் மட்டுமே நினைவில் இருந்தால் ஊகித்து ஒரு நாளைப் போடாமல், அந்தப் படத்தை ஏற்றாமல் வைத்திருங்கள்.